வீமன் ஓடிய வழி

போன ஐப்பசியில் நான் ஒரு சத்தியம் செய்தேன். உயிரே போனாலும் நடக்கமாட்டேன்.

இரத்தத்தில் சீனி கூடிவிட்டது, நாளுக்கு இரண்டு கட்டை, அதுதான் இரண்டு மைல், நடக்கவேணும் என்று டொக்டர் ஒருதரம் சொன்னார். என் மனைவி கேதீஸ்வரி நாளுக்கு ஒன்பது தரம் சொன்னாள். முப்பத்தொரு வருஷம் நில அளவைக் கந்தோரில் குந்தியிருந்து வரைபடம் கீறியவன் நான். வலிகாமத்து ஒழுங்கையெல்லாம் என் பென்சில் நடந்து முடித்தது. கால் எதற்கு நடக்கவேணும்?

அந்த நேரம் பார்த்து, கனடாவில் இருக்கும் அவளுடைய தம்பி ஜெயசுதன் எனக்கொரு கமரா அனுப்பினான். எறும்பின் மீசையையும் எண்ணக்கூடிய கமரா. எனக்குப் புத்தி மின்னியது.

"இஞ்சை பாரும், நாளையிலையிருந்து நான் படம் எடுக்கப்போறன்."

"பாம்பும்தான் படம் எடுக்குது. நடக்கிறது எப்ப?"

"கலைஞன் நடக்கிறேல்லையப்பா. ஓரிடத்திலை இருந்து பாக்கிறவன்."

கோபிப்பாள் என்று பார்த்தேன். சிரித்தாள்.

"சரி, போங்கோ. பனங்காட்டுக்குள்ளை தனியப் போகாதேங்கோ. வீமனையும் கூட்டிக்கொண்டு போங்கோ."

வீமன் எங்கள் நாய். பெயர்தான் வீமன். ஆள் ஒரு முயலளவு.

அச்சுவேலியில் எங்கள் வளவுக்குப் பின்னால் தொடங்கும் பனங்காடு, கடல்நீரேரிக் கரை வரை போகும். விடியற்காலையில் உள்ளே நுழைந்தால் வேறோர் உலகம். பனைகளுக்கு இடையால் வெளிச்சம் பால்போலக் கசியும். ஈச்சம் பற்றையில் சிலந்தி வலை பனி சுமந்து தொங்கும். கமராவால் கிட்டப் பார்த்தால், ஒவ்வொரு துளிக்குள்ளும் தலைகீழாய் ஒரு குட்டிப் பனங்காடு. எருக்கலைப் பூவில் ஓர் ஊசித்தும்பி வந்து இருக்கும். நான் மூச்சை அடக்குவேன். உலகத்தில் அதுவும் நானும் மட்டும். வயது மறந்துபோகும். சீனி மறந்துபோகும். அரை நிமிஷத்துக்குக் கேதீஸ்வரியும் மறந்துபோவாள்.

அப்போதுதான் வீமன் காதை நிமிர்த்துவான். பிறகு ஒரே ஓட்டம்.

"டேய், நில்லடா!"

கமரா நெஞ்சில் இடிக்க இடிக்க நான் பின்னால். ஒரு கட்டை தாண்டிக் கரையில்தான் நிற்பான். நான் இளைத்து இளைத்துப் போய்ச் சேர, ஆறுதலாக வாயை நக்கிக்கொண்டிருப்பான். ஆனால் அங்கேதானே அதிசயமெல்லாம்! ஈரமண்ணில் சிவப்புப் பட்டுப்பூச்சி. தொட்டாச்சிணுங்கியில் ஊதாப் பஞ்சுப் பூ.

"வீமனுக்குக் கலைக்கண் இருக்கப்பா," என்பேன்.

"ஓமோம்," என்பாள்.

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அவன் ஓடமாட்டான். என் காலடியிலேயே படுத்திருப்பான். சைவ வீட்டு நாய், விரதம் காக்கிறது என்று ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

நாலு மாதத்தில் என் காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. சீனி இறங்கிவிட்டது. "நடக்காமலே குறைச்சிட்டன், பாத்தீரோ!" என்று மார்தட்டினேன். கேதீஸ்வரி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள்.

போன கிழமை விபரீதம் நடந்தது. உடம்பு இலேசாகிவிட்டதல்லவா, வீமனோடு சரிக்குச் சரியாக ஓடிக் கரைக்கு வந்துவிட்டேன். அங்கே தன் வீட்டு வேலியடியில் கேதீஸ்வரியின் சிநேகிதி குணலட்சுமி. கையில் ஒரு சூடைமீன். வீமன் பாய்ந்து கவ்வினான். பற்றைக்குள் பதுங்கிப் படக்கென்று ஒரு படம் எடுத்தேன். வீட்டுக்குப் பறந்தேன்.

"உம்மடை சிநேகிதி எங்கடை நாயைப் பழுதாக்கிறா! இந்தாரும் சாட்சி!"

கேதீஸ்வரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாகப் பார்த்தாள்.

"படத்திலை நல்ல வடிவா விழுந்திருக்கிறா. மீனும் தெளிவாத் தெரியுது. நான் சொல்லித்தான் குடுக்கிறவ."

"நீரோ!"

"பின்னை என்னெண்டு உங்களை இரண்டு கட்டை ஓடவைக்கிறது? வெள்ளிக்கிழமை அவையும் மீன் மச்சம் காய்ச்சிறேல்லை. அதுதான் ஒரு குறை."

"அப்ப கமரா?"

"தம்பியிட்டைக் கேட்டு எடுப்பிச்சனான்."

எனக்கு ரோசம் பொங்கியது. "நாளைக்கு வீமனை விட்டிட்டுத்தான் போவன். ஒரு பனங்குற்றியிலை குந்தினால் எழும்பமாட்டன்!"

"குந்துங்கோ. ஆனா குணலட்சுமியக்கா ஒண்டு சொன்னவ. அவையின்ரை வீட்டுக்கு அங்காலை, இன்னும் ஒரு கட்டை தள்ளி, கிலுகிலுப்பைப் பத்தை முழுக்க நீல வண்ணத்துப்பூச்சியாம். இலையே தெரியேல்லையாம். பாவம், அவவுக்குப் படம் எடுக்கத் தெரியாது."

நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தேன். கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

"எந்தப் பக்கத்தாலை போறது?"

விடிய, வாசலில் படுத்திருந்த வீமன் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

கிலுகிலுப்பைப் பற்றை உண்மையாகவே நீலமாய் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. கிட்டப் போனேன். ஆயிரம் சிறகு ஒரேயடியாக எழும்பி, சத்தமில்லாத மழைபோல என்மேல் இறங்கியது. கமராவை உயர்த்தக்கூடத் தோன்றாமல் நெடுநேரம் நின்றேன்.

வீமனுக்கு இரண்டு கட்டைக்கு ஒரு சூடைமீனாவது கொடுத்தார்கள். நான் நாலு கட்டையையும் சும்மா நடந்தேன்.