வெச்சிடாதீங்க, அடுத்தது நீங்கதான்

"ஒரே ஒரு ஆள் உங்க பாட்டை முழுசா கேக்கட்டும், அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்" என்றாள் மனைவி. "வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம். இல்லன்னா அந்த டிரம்ஸும் வீட்டை விட்டுப் போகும், அதை அடிக்கிற என் தம்பியும் போவான்."

மச்சானோடு சேர்ந்து ஆரம்பித்த ராக் குழுவின் முதல் பாட்டு அது. ஆறு நிமிஷம். பாடியவர் நம்மாள், பகலில் ஒரு பிரிட்ஜ் கம்பெனியில் புகார் போன் எடுப்பவர். இணையத்தில் ஏற்றி மூன்று வாரம் ஆகியும் இருபதாவது நொடியைத் தாண்டி ஒரு ஜீவன் கேட்கவில்லை. பெற்ற தாயே பதினெட்டில் எழுந்து போய்விட்டாள்.

"ஓடிப்போக முடியாத ஆளா பார்த்துப் போடணும் மாமா" என்றான் மச்சான்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. திங்கட்கிழமை, போனில் காத்திருப்பவர்களுக்குக் கேட்கும் புல்லாங்குழலைத் தூக்கிவிட்டுத் தன் பாட்டைப் போட்டார் நம்மாள். பிரிட்ஜ் கெட்டுப்போனவன் எங்கே ஓடுவான்?

ஓடினான். காத்திருந்த அத்தனை பேரும் பதினைந்து நொடியில் போனை வைத்தார்கள்.

சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டே போனார்.

"என்னய்யா பண்ணினே? புகார் பாதியா குறைஞ்சிருக்கு! அப்படியே விடாம பண்ணு!"

பாராட்டுதான். ஆனாலும் மனுஷனுக்கு அழுகையே வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை டிரம்ஸைக் குறைத்தார். குரல் தெளிவாகக் கேட்டது. பத்து நொடியில் வைத்தார்கள். புதன்கிழமை பாட்டுக்கு நடுவே, "வெச்சிடாதீங்க, அடுத்தது நீங்கதான்" என்று கெஞ்சிப் பதிவு செய்தார். வியாழக்கிழமை ஜனங்கள் நேரிலேயே வந்துவிட்டார்கள்.

"பிரிட்ஜ் கிடக்கட்டும். யாருய்யா அது பாடுறது?"

"சத்தியமா தெரியாதுங்க" என்றார் நம்மாள்.

"நாளைக்கு சாயங்காலத்தோட அந்தப் பாட்டை எடுத்துடு" என்றார் மேனேஜர்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஓர் அழைப்பு. ஆறு நிமிஷம் ஆயிற்று. பாட்டு முடிந்து மறுபடி ஆரம்பித்தது. அப்பவும் வைக்கவில்லை! பக்கத்து சீட்டுக்காரர் எடுக்கப் போனார்.

"தொட்டீங்கன்னா கொலை விழும்!"

நாற்பது நிமிஷம். நம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. மொபைலில் மனைவியைக் கூப்பிட்டு, "நல்லா காதைத் திறந்து கேட்டுக்கோ" என்றார். ஆபீஸே சுற்றி நின்றது. அழைப்பை ஸ்பீக்கரில் எடுத்தார்.

"ஹலோ?" என்றது ஒரு பெண் குரல்.

"அம்மா... பாட்டு முழுசா கேட்டீங்களா?"

"நானா? எலி பிரிட்ஜ் வயரைக் கடிச்சிடுச்சுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். உங்க பாட்டு வந்ததும் அடியில இருந்து ஒரு எலி தலைதெறிக்க ஓடிச்சு. அதான் போனை ஸ்பீக்கர்ல போட்டு அங்கேயே வெச்சுட்டு, நான் தெருவுல போய் நின்னுட்டேன். பாட்டு நின்னுச்சேன்னு இப்பதான் உள்ளே வரேன். ஏழு ஓடிடுச்சு தம்பி, இன்னும் ஒண்ணுதான் பாக்கி, புண்ணியமா போகும், மறுபடி போடுங்க!"