மூன்றாம் மாடி விசாரணை

விமான நிலையத்தில் வரிசையாக உட்கார்ந்து கேள்வி கேட்கும் அத்தனை அதிகாரிகளையும் லீவில் அனுப்பிவிட்டு, எங்கள் விசாரணைக்கு மட்டும் அங்கே ஒரு கதிரை போட்டுக் கொடுத்திருந்தால் போதும். கள்ளப் பாஸ்போர்ட்டோடு வந்தவன் தானாகவே திரும்பிப் போயிருப்பான். நல்ல பாஸ்போர்ட்டோடு வந்தவன், தன் இரத்தத்தில் சீனி கூடி வருத்தம் தொடங்குகிறது என்பதை அறிந்து, கோபித்திருந்த தமக்கையோடு சமாதானமாகப் போவதாகச் சத்தியமும் பண்ணிவிட்டுத்தான் வெளியே வந்திருப்பான்.

அவனுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் வேறு. மாடி முழுக்கச் சேர்ந்து வைத்த பெயர்தான் விசாரணை.

இரண்டாயிரங்களின் தொடக்கம். லண்டன் லூயிஷாமில் எங்கள் வீடு. விடிய எழும்பி, சாமிப் படத்துக்கு விளக்கேற்றித் திருநீறு பூசிக்கொண்டு ரயில் ஏறினால், ஒரு பல்கலைக்கழக விடுதியில் எனக்குத் துப்புரவு வேலை. அந்த விடுதி ஒரு தினுசானது. ஒரு பாஷையைப் படிக்கிற பிள்ளைகள் அந்தப் பாஷையிலேயே இருந்து எழும்ப வேண்டும் என்று மாடிக்கொரு பாஷை வைத்திருந்தார்கள். முதலாம் மாடி பிரெஞ்சு, இரண்டாம் மாடி ஸ்பானிஷ், மூன்றாம் மாடி, அந்தப் பிள்ளையார் புண்ணியத்தில், தமிழ். அந்தந்தப் பாஷை பேசிப் பிறந்த மாணவர் ஒருவர் இருவருக்கு ஒவ்வொரு மாடியிலும் வாடகையில்லாமல் அறை கொடுப்பார்கள். அதற்குக் கைமாறு, படிக்கிற பிள்ளைகளோடு ஓயாமல் கதைப்பது. கண்ணாடிக் கதவைத் தாண்டி உள்ளே கால் வைத்தால் வாயில் ஆங்கிலம் வரக் கூடாது.

மற்ற மாடிகளில் இந்தச் சட்டம் சுவரில் ஒட்டியிருந்தது. பிரெஞ்சுக்காரப் பிள்ளை காலையில் ஒரு வணக்கம் சொல்லிக் கதவைச் சாத்தினால், அடுத்த வணக்கம் மறுநாள்தான். எங்கள் மாடியில் சட்டம், விசாரணையின் உருவில், இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு நடந்து திரிந்தது.

முதல் நாள் நான் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். நெடுவலாக, கண்ணாடி போட்ட ஒரு பொடியன் வந்து பக்கத்தில் நின்றான்.

"அக்கா எந்த ஊர்?"

சொன்னேன்.

"அதிலை எவடம்? கோயிலடியோ, சந்தைப் பக்கமோ? ஐயா என்ன செய்தவர்? பிள்ளையள் எத்தினை? ஏன் முழங்காலைப் பிடிக்கிறியள்? டொக்டரிட்டைக் காட்டினனீங்களோ? உங்கடை மனுசன் ஏன் உங்களை வேலைக்கு விட்டவர்?"

எங்கள் நாட்டிலிருந்து படிக்க வந்த விசாரணை இவன்தான்; அப்போது இருபத்துநாலு வயதுதான் இருக்கும். எனக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாளித் தண்ணீர் ஆறிப்போனது.

அவனுக்கு இதில் ஒரு கொள்கை இருந்தது. "அக்கா, 'மரத்தில் கிளி இருக்கிறது, வீட்டில் நாய் இருக்கிறது' எண்டு புத்தகத்திலை போட்டிருக்கு. எங்கடை சனம் ஆர் இப்பிடிக் கதைக்குது? வாய் திறந்தாக் கேள்விதானே! விசாரிக்கத் தெரியாதவனுக்குத் தமிழ் தெரியாது."

தமிழ் பேசிப் பிறந்த இன்னொரு மாணவனும் அந்த மாடியில் இருந்தான். சென்னைப் பையன், சாது. அவன் தலையில் கை வைத்துக்கொள்வான்.

"வேணாம்ணே. இது லண்டன். இங்க எல்லாரும் பிரைவசி பார்ப்பாங்க."

"அந்தச் சாமான் எங்கடை குசினி அடுப்படியிலை வைக்க இடமில்லைத் தம்பி."

பீட்டர் என்று ஒரு வெள்ளைக்காரப் பொடியன் தமிழ் படிக்க வந்திருந்தான். காலில் புதுச் சப்பாத்தோடு கண்ணாடிக் கதவுக்குள் வந்தான் என்றால் தொலைந்தான். எங்கை வாங்கினாய், என்ன விலை, ஐயோ ஏமாத்திப்போட்டாங்கள், திருப்பிக் குடு. பாவம், பீட்டர் மூன்று தரம் சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் பழசோடேயே திரிந்தான். ஆனால் பாடம் மட்டும் நன்றாக ஏறிவிட்டது. ஒருநாள் அவர்களுடைய பேராசிரியர் மாடியைப் பார்க்க வந்தார். பழைய தமிழ் நூல்களில் கரைகண்ட ஆங்கிலேயர், மிகவும் இறுக்கமான மனுசன். பீட்டர் ஓடிப்போய் வரவேற்றான்.

"வாங்கோ சேர்! என்ன மெலிஞ்சு போனியள்? வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?"

பேராசிரியர் தோள் பையை இறக்கி வைத்தார். பிறகு குசினி ஸ்டூலில் உட்கார்ந்து, செந்தமிழில், தன் மாமியாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். நான் துடைத்த நிலம் காய்ந்துவிட்டது. மாமியார் கதை முடியவில்லை.

விசாரணைக்கு ஆங்கிலம் வராதோ என்று பலருக்குச் சந்தேகம். ஒருநாள் தீ மணி அடித்து எல்லோரும் தெருவில் போய் நின்றோம். தீயணைப்புக்காரரிடம் அவன் ஆங்கிலத்தில் பொழிந்து தள்ளினான். எங்கே தொடங்கியது, ஏன் தொடங்கியது, உங்களுக்குக் கலியாணமாகிவிட்டதா, எல்லாம் கேட்டான். திரும்பி வந்து கண்ணாடிக் கதவுக்குள் கால் வைத்ததும் ஆங்கிலம் அவனைவிட்டுப் போய்விட்டது.

சிக்கல் ரூத்தால் வந்தது. வேல்ஸ் நாட்டுப் பிள்ளை, அமைதி. சனிக்கிழமை பின்னேரம் கோட்டை மாட்டிக்கொண்டு புறப்படுவாள். குசினி மேசையில் எல்லோருக்கும் முன்னால் விசாரணை தொடங்கும்.

"எங்கை போறாய்? ஆரோடை? அவன் ஆரின்ரை பொடியன்? தாய் தேப்பன் என்ன செய்யினம்? எத்தினை மணிக்கு வருவாய்?"

ரூத் நெற்றியைச் சுருக்கி, சொல் தேடித் தேடி, ஒவ்வொரு கேள்விக்கும் மறுமொழி சொல்வாள். தெருப் பெயர், பஸ் இலக்கம், பொடியனின் தகப்பன் பல் வைத்தியர் என்பது வரை. ஒரு மாதம் சொன்னாள், இரண்டு மாதம் சொன்னாள். பிறகு வார்டனிடம் போய், இந்த ஆள் என்னைக் கண்காணிக்கிறான் என்று முறைப்பாடு கொடுத்துவிட்டாள்.

அந்தப் பிள்ளையின் பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் விளையாட்டில்லை. முறைப்பாடு நிரூபணமானால் விசாரணை தன் அறையை விட வேண்டும். வாடகை கொடுத்து லண்டனில் இருந்து படிக்க அவனுக்கு வழியே இல்லை. வட லண்டன் எட்மண்டனில் ஒரு மச்சான் இருந்தான். அவனே இன்னொருவன் வீட்டு ஹோலில் படுப்பவன். அறை போனால் படிப்பும் போகும். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன்.

வியாழக்கிழமை வார்டன் அம்மா மாடிக் குசினிக்கே வந்துவிட்டார். கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டார். விசாரணை கைகட்டி நின்று தமிழில் மறுமொழி சொன்னான். ஆங்கிலத்தில் சொல்லும்படி கேட்டார். அவன் கண்ணாடிக் கதவைக் காட்டித் தலையசைத்தான்.

"தம்பி, இண்டைக்கு மட்டும் இங்கிலிஷிலை சொல்லுமன்!" என்று கெஞ்சினேன்.

"சட்டம் சட்டம்தான் அக்கா. வெளியிலை வரச் சொல்லுங்கோ, சொல்லுறன்."

வார்டன் அம்மா வெளியே போகிற ஆளில்லை. சென்னைப் பையன் வகுப்பில். என் ஆங்கிலம் வாளிக்கும் நிலம் கூட்டுகிற தும்புத்தடிக்கும்தான் போதும். கடைசியில், முறைப்பாடு கொடுத்த ரூத்தே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று.

"நான் பிழையா ஒண்டும் நினைக்கேல்லை. விசாரிச்சனான், அவ்வளவுதான்" என்றான் அவன்.

ரூத் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, அவன் பக்கம் திரும்பினாள்.

"என்ன அவ்வளவுதான்? ஒவ்வொரு கிழமையும் நான் எல்லாம் சொல்ல வேண்டியிருந்தது! அவன்ரை அப்பாவின்ரை வேலையைக் கூடக் கேட்டு வந்து உங்களுக்குச் சொன்னன்! அவனுக்கு என்னிலை சந்தேகம் வந்திட்டுது!"

விசாரணை வாயைப் பிளந்தான். "உன்னை ஆர் உண்மையைச் சொல்லச் சொன்னது?"

"நீங்கள்தானே கேட்டனீங்கள்!"

"கேட்டா? 'சும்மா, உதிலை, பக்கத்திலைதான்' எண்டு சொல்லிப்போட்டுப் போறதுதானே! எங்கடை ஊரிலை எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறவை!"

"அப்ப உங்களுக்குப் பதில் தேவையில்லையா?"

"பதில் ஆருக்கு வேணும் பிள்ளை? கேக்காமல் விட்டா நீ போறது ஒருத்தருக்கும் தெரியாத மாதிரியெல்லோ இருக்கும்!"

அவள் கத்த, இவன் கத்த, நடுவில் வார்டன் அம்மா என் கையைப் பிடித்து என்ன நடக்கிறது என்று கேட்டார். "ஃபேமிலி டாக், மேடம்" என்றேன். அதற்குள் ரூத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதிரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்து, பிறகு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினாள். வார்டன் அம்மா யோசித்தார்.

"நாங்கள் 'ஹவ் ஆர் யூ' என்று கேட்டுவிட்டு, நிற்காமல் போவோமே, அதுபோலவா?"

"அதுதான்," என்றாள் ரூத். "ஆனால் இவர் நின்று கேட்பார்."

முறைப்பாட்டை ரூத் அங்கேயே திரும்பப் பெற்றாள். ஒரு நிபந்தனை போட்டாள்: 'சும்மா' என்றால், அதற்கு மேல் ஒரு கேள்வி வரக் கூடாது. அவன் தலையாட்டினான். வார்டன் அம்மா போன பிறகுதான் அவன் கட்டிய கையை அவிழ்த்தான்.

சனிக்கிழமை எனக்கு மேலதிக வேலை. பின்னேரம் ரூத் கோட்டோடு வந்தாள். விசாரணை தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தான். அவள் கண்ணாடிக் கதவு வரை போய் நின்றாள்.

"அண்ணை, ஒண்டும் கேக்கேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை. போயிட்டு வா."

"கேளுங்கோ."

அவன் மெதுவாக நிமிர்ந்தான். "எங்கை போறாய்?"

"சும்மா, உதிலை!"

அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் நேர்ந்த தேங்காயை உடைத்து, அர்ச்சனைக்கும் நின்றேன். ஐயர் பெயரைக் கேட்டார். அவனுடைய சரியான பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் முழங்காலிலிருந்து மூத்தவனின் பரீட்சை வரை அவனுக்குத் தெரியும். அவனிடம் நான் ஒன்றுமே கேட்டு வைத்திருக்கவில்லை. பின்னால் சனம் நெருக்கியது.

என் மூத்தவனின் நட்சத்திரத்தையே சொன்னேன். பிள்ளையார் பிழையாக எடுத்திருக்க மாட்டார்.