சத்தம் போடாத வாஷிங் மெஷின்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனாரின் ஆசிகள்.

நான் சௌக்கியம். நீங்கள் வாங்கி அனுப்பிய வாஷிங் மெஷின் என்னைவிட சௌக்கியம். பிரச்சினையே அதுதான். கோபித்துக்கொள்ளாமல் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பழைய மெஷின் உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். துணி பிழியும்போது அது குளியலறையை விட்டுக் கிளம்பிக் கூடம் வரை வந்துவிடும். நான் தனியாகப் பிடித்தால் என்னையும் இழுத்துக்கொண்டு வரும். உங்கள் அத்தை காலமான புதிதில், கீழ்வீட்டு டெய்லர் மாடியேறி வந்து, மேலே யானை ஏதும் வளர்க்கிறீர்களா என்று சண்டை போட்டார். சண்டை போட்டபடியே மெஷினின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் அது உதற ஆரம்பித்ததும் வந்துவிடுவார். ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துகொண்டு, அது நிற்கும்வரை ஊர்க்கதை பேசுவோம். பெல்ட் அறுந்தால் மெக்கானிக் வருவார், பின்தகட்டைக் கழற்றுவார், சைக்கிள் டியூபை வெட்டி மாட்டுவார், அதுவும் எதுவுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடும்.

உங்கள் மெஷின் அசைவதே இல்லை. வேலை முடிந்ததும் ஒரு பாட்டுப் பாடுகிறது. வாசல் மணி என்று நினைத்து நான் போய்க் கதவைத் திறக்கிறேன், யாரும் இல்லை. சரி, கெட்டுப்போனால் என்ன செய்வது என்று மெக்கானிக்கை முன்கூட்டியே வரவழைத்தேன். நாலு பக்கமும் தடவிப் பார்த்தார், கழற்ற ஒரு திருகாணிகூட அகப்படவில்லை. "இது கெட்டா கெட்டதுதான் சார். தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க, என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லி, போட்ட டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். டெய்லரும் வருவதில்லை. காரணம் இல்லாமல் போய் அவர் கதவைத் தட்ட எனக்கும் கூச்சம். வீடு ரொம்பத் தனியாக இருக்கிறது, மாப்பிள்ளை. பழைய மெஷினை இரும்புக்கடையில் இன்னும் உடைக்கவில்லையாம், விசாரித்துவிட்டேன்.

மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லோரும் வாரண்டி முடிந்த பிறகும் நல்லபடியாக ஓட என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். டெய்லர்.

"ரொம்ப நாளா மேலே சத்தமே காணோம். உங்களுக்கு ஏதாவது ஆயிருக்குமோன்னு பயந்துட்டேன். மனசு கேக்கல" என்றார்.

இருந்த துணியையெல்லாம் போட்டு ஓடவிட்டு, பழக்கதோஷத்தில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றோம். அது பாட்டுப் பாடி முடித்ததைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், மெஷின் இங்கேயே இருக்கட்டும். அடுத்த சனிக்கிழமையும் வருவாராம். அதற்குள் நான் கொஞ்சம் துணியை அழுக்காக்க வேண்டும்.