செக்கிங் அண்ணன் விற்ற லென்ஸ்

தன் பொருளைத் தானே ரிஜெக்ட் செய்த வியாபாரி இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டில் குடியிருக்கிறார் என்பது என் ஜாதக விசேஷம்.

அவர் பெயர் யாருக்கும் தெரியாது. 'செக்கிங் அண்ணன்' என்றால் முக்குக்கடை பேக்கரிக்காரர் கை காட்டுவார். பனியன் கம்பெனியில் பல வருடம் செக்கிங் பார்த்தவர். தைத்து வந்த துணியில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் வேலை. பிறகு ஒரு கேமராவை வாங்கிக்கொண்டு கல்யாணம், காதுகுத்து, குழந்தைச் சட்டை கேட்லாக் என்று படம் எடுக்கக் கிளம்பிவிட்டார். கம்பெனியை விட்டாரே தவிர ஸ்டிக்கரை விடவில்லை. பேக்கரியில் தேங்காய் பன் வாங்கினால், கருகிய இடத்தில் அம்பு ஒட்டித் திருப்பிக் கொடுப்பார்.

என் தங்கை சுமதியின் கல்யாணத்துக்கு இவரைத்தான் பேசினேன். அட்வான்ஸை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகு சாவகாசமாகச் சொன்னார்.

"தம்பி, நம்ம கேமரா மண்டப வெளிச்சத்துல ஃபோக்கஸ் ஆகமாட்டேங்குதுங்க. வேறொண்ணு எடுக்கோணும். இருக்கிற லென்ஸுல ஒண்ணை வித்தாத்தான் கட்டுபடியாகும்."

"வித்துருங்கண்ணா."

"எதை விக்கறதுங்க?"

அங்கே பிடித்தது எனக்குச் சனி. அவரிடம் இருந்தது மூன்று லென்ஸ். தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் ஜூம் ஒன்று, கூட்டத்தை மொத்தமாக அள்ளும் அகல லென்ஸ் ஒன்று, முகத்துக்கென்றே ஒன்று. காலையில் ஜூமை விற்கலாம் என்பார். சாயங்காலம், "மணமேடைக்குக் குறுக்க மாமனாருங்க நின்னுக்குவாங்க, ஜூம் இல்லாம எப்படிங்க?" என்பார். சரி, அகல லென்ஸை விற்றுவிடுங்கள் என்றால், "பந்தி முச்சூடும் ஒரே படத்துல வராதுங்களே!" கேமராவே வேண்டாம், ஃபிளாஷ் மட்டும் வாங்கினால் போதுமா என்று ஒரு நாள் விடியற்காலையில் வந்து கதவைத் தட்டினார். பல் துலக்கும் பிரஷ் வாயிலிருக்க, நான் கையாலேயே வேண்டாம் என்றேன். கல்யாணம் நெருங்க நெருங்க எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறியது. அவர் மட்டும் நிதானமாக இருந்தார்.

பொறுக்க முடியாமல் நானே ஆள் பிடித்தேன். பொங்கலூரில் ஸ்டூடியோ வைத்திருப்பவர் பணத்தோடு வந்தார். அண்ணன் ஜூமைத் துணியிலிருந்து பிரித்து மேஜைமேல் வைத்தார். அம்மை போட்ட பிள்ளை மாதிரி, உடம்பெல்லாம் சிவப்பு அம்பு.

"இது உள்ள ஒரு தூசிங்க. டார்ச் அடிச்சாத் தெரியும். இந்த ரப்பர் லூஸுங்க. இந்தப் பக்கம் ஒரு கீறல்..."

"பரவால்லீங்க, நான் எடுத்துக்கறனுங்க," என்றார் வந்தவர்.

"பரவால்லைன்னா எப்படிங்க? மேஜர் டிஃபெக்ட்டுங்க! இதை நான் எப்படிங்க பாஸ் பண்றது?"

அகல லென்ஸுக்கும் அதே கதி. உள்ளே பூஞ்சை பிடித்திருந்தது. பொங்கலூர்க்காரர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் முகத்துக்கான லென்ஸ் வந்தது. அதில் அம்பே இல்லை. அண்ணன் டார்ச் அடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குறையும் அகப்படாத துக்கத்தோடு, "இது பாஸுங்க. கொண்டு போங்க," என்று கொடுத்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, இருக்கிறதுலயே நல்லதை வித்துப்போட்டு, ஓட்டை ஒடசலை வெச்சுத்தான் என் தங்கச்சியைப் படம் எடுப்பீங்களா?"

"நல்ல பீஸு வெளிய போகோணும், கழிச்ச செகண்ட்ஸ நாம வெச்சுக்கோணும். நம்மூரு வழக்கமே அதானுங்களே தம்பி?"

நான் அப்போது போட்டிருந்தது எக்ஸ்போர்ட்டில் கழித்த பனியன்.

முகூர்த்தத்தன்று புதிதாக வாங்கிய கேமரா சமர்த்தாக ஃபோக்கஸ் பிடித்தது. ஜூமின் ரப்பர்தான் கழன்று கையோடு வந்துவிட்டது. அதை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தார். மாப்பிள்ளை வீட்டார் அது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

பிறகு அண்ணன் ஆல்பத்தோடு வந்தார். பக்கத்துக்குப் பக்கம் அம்பு. சித்தப்பாவின் கொட்டாவியில் ஒன்று, பாதி வெட்டுப்பட்ட அத்தையின் தலையில் ஒன்று. திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், புருஷன் வீட்டுக்குக் கிளம்பும்போது சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிற படம். பூஞ்சை லென்ஸின் புண்ணியத்தில் எங்கள் இருவரைச் சுற்றியும் லேசான மூட்டம். அதன்மேலும் அம்பு.

"இந்த மூட்டம் என்னோட தப்புங்க தம்பி. காசுல கழிச்சுக்குங்க."

பேசிய காசை ஒரு ரூபாய்கூடக் கழிக்காமல் எண்ணிக் கொடுத்தேன். அன்று நனைந்திருந்த என் கண்ணுக்கும் அப்படித்தான் தெரிந்தது.

சுமதி அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கித் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். ஆல்பத்திலிருந்த அம்பை உரித்து அதன் கண்ணாடி ஓரத்தில் ஒட்டியிருந்தாள். எடுத்துவிடலாம் என்று போனேன். "இருக்கட்டும்ண்ணா, அது அவரு ஒட்டுனது," என்றாள்.

அடுத்த மாதம் என் மகளுக்குக் காதுகுத்து. ஊரில் நல்ல நல்ல லென்ஸோடு எத்தனையோ ஸ்டூடியோக்காரர்கள் இருக்கிறார்கள். நான் செக்கிங் அண்ணனிடம்தான் சொல்லியிருக்கிறேன். அம்பு ஸ்டிக்கர் ஒரு ஷீட், நானே வாங்கி வைத்திருக்கிறேன்.