ஜன்னலுக்கு டேப் ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை

ஒரு வீட்டுக்கு ஆபத்தானவர்கள் பலர் உண்டு. அவர்களில் முதலிடம், டாக்டர் சொன்னதில் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வரும் அப்பாக்களுக்கு. அனுபவத்தில் சொல்கிறேன்.

எங்கள் வீடு பெருங்களத்தூரில், ஜிஎஸ்டி ரோட்டுக்கு ஒரு தெரு உள்ளே. காலையில் துடைத்த மேஜையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். மகள் நிலாவுக்கு அப்போது ஐந்து வயது. பஸ் புகையும் கட்டட வேலைத் தூசியும் சேர்ந்து மாதம் இரண்டு முறையாவது அவளுக்கு இளைப்பைக் கொண்டுவந்துவிடும். அவள் மூச்சுக்குத் திணறும்போதெல்லாம் எனக்குக் கை கால் ஓடாது.

"வீட்ல தூசி சேராம பாத்துக்குங்க" என்றார் டாக்டர். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். நான் அதற்குள் மனதளவில் பக்கெட்டைத் தூக்கிவிட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு, மனைவி சுதாவையும் நிலாவையும் ஷூ வாங்கத் தாம்பரம் அனுப்பிவிட்டேன். ரோட்டுத் தூசி நுழையாதபடி எல்லா ஜன்னல்களுக்கும் டேப் ஒட்டினேன். (மூன்று ரோல். கஞ்சத்தனம் பார்க்கவில்லை.) பிறகு பாத்ரூம். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், டாய்லெட் ஆசிட் கறையைக் கொல்லும், இரண்டையும் சேர்த்தால் எதுவும் மிஞ்சாது என்று கணக்குப் போட்டேன். கணக்கு சரிதான். மிஞ்சாதவற்றில் நானும் அடக்கம் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

இரண்டையும் ஊற்றியதும் கிளம்பிய நெடியில் கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. ஜன்னலுக்கு ஓடினேன், அசையவில்லை. அவ்வளவு நேர்த்தியாக ஒட்டியிருந்தேன்.

எதிர் வீட்டில் வேலை செய்யும் மல்லிகா அக்கா என் இருமலைக் கேட்டுக் கதவைத் தட்டினார். தவழ்ந்து போய்த் திறந்தேன்.

"இன்னா சார், வூட்டுக்குள்ள இன்னாத்த ஊத்தி வெச்சிகீறீங்க?"

"க்ளீன் பண்றேன்க்கா."

"நல்லா பண்ணீங்க போங்க" என்று சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தவர், ஆட்டோ பிடித்து என்னை ஏற்றியும் விட்டார்.

அன்று பக்கத்தில் திறந்திருந்தது நிலாவை வழக்கமாகப் பார்க்கும் குழந்தைகள் டாக்டரின் கிளினிக் மட்டும்தான். போனில் விஷயம் கேட்டு சுதாவும் நிலாவும் பதறி ஓடிவந்தபோது, நான் ஒரு குட்டி நாற்காலியில் மடங்கி உட்கார்ந்து, நிலாவுக்கு வைக்கும் மீன் வடிவ மாஸ்க்கை மூக்கில் அழுத்திக்கொண்டு மருந்துப் புகையை இழுத்துக்கொண்டிருந்தேன். சுதா திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, நழுவிய மாஸ்க்கைச் சரிசெய்துவிட்டாள். அது திட்டைவிட மோசமாக இருந்தது.

நிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா மூச்சு விடுப்பா. அழக் கூடாது. பத்து நிமிஷம்தான்."

நான் அவளுக்குச் சொல்லும் அதே வார்த்தைகள், அதே குரல்.

டாக்டர் பொறுமையாக, "ஈரத் துணியால துடைங்க, காத்தோட்டமா வைங்க, நெடி அடிக்கிற எதையும் ஊத்தாதீங்கன்னும் சொன்னேனே சார்" என்றார்.

இப்போது நிலாவுக்கு ஒன்பது வயது. இளைப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. எப்போதாவது கிளினிக்குக்குப் போனால், ரிசப்ஷனில் இருக்கும் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "இன்னிக்கு யாருக்குங்க?" என்பார்.

"எனக்குத்தான்க்கா" என்பாள் நிலா. "அப்பா இப்போ பரவால்ல."