நாகம்மாள் மகன் நண்டு வரைந்த படலம்

வாழ்க பிரசாந்த்! பழவேற்காட்டு ஏரிக்கரையில் கருவேலமரங்களுக்கு இடையே உதித்த கரிக்கோல் காவலன், விடியலில் பேருந்தும் பொன்னேரியில் ரயிலும் ஏறி, நின்றபடியே உறங்கி நின்றபடியே விழித்துச் சென்னை மாநகர் சேரும் நெடுவழிச் செம்மல், தோளில் தொங்கும் கறுப்பு உருளைக்குள் வரைதாள் சுமந்து செல்கையில் கண்டக்டர்களால் "இன்னா தம்பி, பைப்பு வேலையா?" என்று வினவப்பட்டும் சினங்கொள்ளாத பெருந்தகை, காட்சிக்கலையும் வடிவமைப்பும் பயிலும் இரண்டாமாண்டு மாணவர் சேனையில் மின்விசிறிக் காற்று எட்டாத மூலை இருக்கைக்கு முடிசூடிய மன்னன்! அவனுடைய போர்த்திறம் பாடப் புகுந்தோம். கருமை சிந்தும் பென்சில் முனையே, நடுவில் முறியாமல் காப்பாயாக. பென்சில் சீவும் பிளேடே, விரலை விட்டுவிட்டு மரத்தை மட்டும் சீவுவாயாக.

நிற்க. போருக்குக் காரணம் கூறிய பின்னரே போரைக் கூறுதல் முறை என்பதால், அதை முதலில் தெரிவித்துவிடுகிறோம்.

'இயற்கை உருவ வரைவு' என்றொரு பாடம். உயிருள்ள ஒன்றை, அது உயிரோடு இருக்கிறபடியே பெரிய தாளில் வரைந்து கொடுக்க வேண்டும். ஒருத்தி பூனை என்றாள், ஒருவன் கிளி என்றான், ஒருவன் தன் அண்ணன் என்று கூறி அமர்த்தப்பட்டான். நம் நாயகனோ எழுந்து நின்று, ஏரியே எழுந்து நின்றாற்போல், "நண்டு" என முழங்கினான். முழங்கியபடியே வரைந்தும் கொண்டுபோனான். ஓட்டின் மேடு பள்ளம், காலின் மயிர், கண்ணின் காம்பு அனைத்தும் அச்சு அசல். ஆனால் இரு கொடுக்குகளையும் சேர்த்து இறுக்கி, நீல நைலான் கயிறு ஒன்று கட்டப்பட்டிருந்தது. ஆசிரியை லோகநாயகி அம்மையார் சிவப்பு மையால் "கயிறு எதற்கு?" என்று எழுதித் திருப்பினார். நிறம் பிடிக்கவில்லை போலும் என்று கருதிய நாயகன், அடுத்த வாரம் பச்சைக் கயிற்றோடு கொண்டுபோனான்.

அவனை மூடன் என்று எண்ணிவிட வேண்டாம். வலையின்றித் தூண்டிலின்றி வெறுங்கையால் சேற்றைத் துழாவி நண்டெடுக்கும் குலம் அது. தண்ணீருக்குள்ளேயே கொடுக்கைக் கட்டிவிட்டுத்தான் கரையேற்றுவார்கள். ஆகவே பிறந்த நாள் முதலாய் அவன் அறிந்த நண்டுக்குக் கால் எட்டு, கொடுக்கு இரண்டு, கயிறு ஒன்று.

"மூன்றாம் முறையும் கயிறு வந்தால், பிரசாந்த்," என்று அம்மையார் வகுப்பறை அதிரப் பிரகடனம் செய்தார், "அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து இதே நண்டை வரைவீர்கள்!"

கெடு திங்கட்கிழமை காலை. போர் மூண்டது ஞாயிறு பிற்பகல்.

எதிரியைக் கூறுவோம். அன்று காலை இடுப்பளவு நீரில் இறங்கி, நண்டு போடும் ஓலைக்கூடையாம் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டு, இரு கைகளையும் சேற்றுக்குள் செலுத்திய தாய் நாகம்மாள், அவற்றுள் ஒன்றைப் பாதாளத்திலிருந்து மீட்கையில் அதனோடு வந்தவன் அவன். பாசிநிறப் படைக்கலன் பூண்டவன். உள்ளங்கை இரண்டை அடுக்கினாற்போல் அகன்ற மார்பினன். பக்கவாட்டில் மட்டுமே நடப்பதெனும் விரதம் பிறழாதவன். கொட்டைப்பாக்கை நொறுக்கும் கொடுக்கிரண்டு ஏந்திய சேற்றுக்கொற்றவன்!

"தினகரன் ஆரன் அடிக்கிற வரைக்கும்தான் உனக்கு," என்றாள் நாகம்மாள். தினகரன் என்பவர் பொழுது சாயும் நேரம் மோட்டார் சைக்கிளில் வந்து நண்டு எடுக்கும் வியாபாரி. "கொடுக்கு ஒடஞ்சிட்சினா அந்தாளு கையாலயும் தொடமாட்டாரு, சொல்லிட்டேன்."

கழிவறை கட்டவென்று வந்து கழிவறையைக் காணாமலே கிடந்த செங்கற்களை நாயகன் வாசலில் அடுக்கி, மதில்சூழ் போர்க்களம் ஒன்று சமைத்தான். பலகை வைத்தான், தாளைக் கிளிப்பால் பூட்டினான், பென்சில்களை மெலிந்தவை முதல் பருத்தவை ஈறாக அணிவகுத்தான், புத்தம்புது வெள்ளை ரப்பரை வலப்பக்கம் வைத்தான். பின்பு கயிற்றின் முடிச்சை அவிழ்த்தான். மதிலின் மறுமுனைச் செங்கல்லின் மேல் அமர்ந்து தலைவாரிக்கொண்டிருந்த தமக்கை ஜமுனா, மீஞ்சூர்க் கம்பெனியில் தான் பெற்ற வாராந்திர விடுமுறை வீண்போகவில்லை என்று உணர்ந்து சீப்பைக் கீழே வைத்தாள்.

முதல் நாள் போரில் நாயகன் ஓட்டின் விளிம்பை வரைந்தான். அவன் இடப்புறம் வரைகையில் கொற்றவன் வலப்புறம் சென்றான். வலப்புறம் வரைகையில் மதிலேறினான். முதல் நாள் என்று இலக்கணத்துக்காகச் சொன்னோமே தவிர, நடந்தது கால் மணி நேரம்தான். முறிந்த பென்சிலைச் சீவ நாயகன் தலை குனிந்தான். நிமிர்ந்தான். கொற்றவன் கட்டுண்டு கிடந்தான்! கொடுக்கிரண்டையும் குறுக்கே இறுக்கிய கயிறு, மேலே அழகியதோர் முடிச்சு. தண்ணீர்க் குடத்தோடு அவ்வழி சென்ற நாகம்மாள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"எம்மா! இன்னாத்துக்குக் கட்டுன?"

"நான் எங்கடா கட்டுனேன்?" என்ற தாய், தன் கைகளைத் தானே பார்த்தாள். "ஐய, கை தானா போயிட்சிடா நைனா."

மீண்டும் அவிழ்த்தான். இம்முறை கொற்றவன் ஓடவில்லை. படையணியைச் சுற்றிவந்து, பென்சில்களை இகழ்ந்து, வெள்ளை ரப்பரைக் கண்டு நின்று, அதைக் கொடுக்கால் பற்றினான். பற்றியதைப் பகைவனின் தலை என்று எண்ணினானோ, பல்லிளிக்கும் ஜமுனாவின் பல் என்று எண்ணினானோ அறியோம். திருகினான், நசுக்கினான், துண்டு துண்டாக்கிச் செங்கல் இடுக்குகளில் சிதறவிட்டான்.

"போயி கண்ணப்பன் அண்ணன் கடைல வேற ஒண்ணு வாங்கினு வாடா," என்றாள் ஜமுனா. "அவுரு ஏழு மணிக்கெல்லாம் ஏறக்கட்டிடுவாரு."

அப்போதுதான் நாயகன், பின்வரும் தலைமுறைகள் நெஞ்சில் எழுதிக்கொள்ளத்தக்க அந்தச் சூளுரையை மேற்கொண்டான். பென்சிலை வானுக்கு உயர்த்தினான். "தப்பா போடறவனுக்குத்தான் ரப்பர் வேணும்! நான் போடற ஒரு கோடுகூட தப்பாவாது! ரப்பரே வேணாம் எனக்கு!"

"மவராசன்," என்றாள் ஜமுனா, சீப்பை மறுபடி எடுத்தபடி.

சூளுரைத்துத் திரும்பிய அச்சிறுபொழுதில் கொற்றவன் மீண்டும் கட்டுண்டிருந்தான். நாகம்மாள் இம்முறை மறுக்கவில்லை. தொறந்த கொடுக்கைப் பாத்துனு சும்மா இருக்க எப்படி முடியும், யாராலதான் முடியும் என்று ஏரியை நோக்கி முறையிட்டாள்.

"உன் கைய கட்டணும்மா மொதல்ல!" என்று நாயகன் உறுமினான். "ஒருக்கா பாத்தா கட்டற, ரெண்டுக்கா பாத்தா கட்டற. அறிவுனு ஒண்ணு சொல்லுதுல்ல, அத்த கேக்கமாட்டியா? நான்லாம் பாரு, எப்டி உக்காந்துனு கீறேன்!"

பெற்றவள் அதன்பின் செய்த தியாகத்தைக் கூற எமக்கு நாவில்லை. வாசற்படியில் அமர்ந்தாள். வலக்கையை வலத்தொடைக்கு அடியிலும் இடக்கையை இடத்தொடைக்கு அடியிலும் செலுத்தி, அவற்றின் மேல் தன் முழுப் பாரத்தையும் இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. அவள் எழவில்லை.

அந்நேரம் காகம் ஒன்று மதில்மேல் வந்திறங்கியது. கண்டான் சேற்றுக்கொற்றவன். பின்கால்களை ஊன்றி, முன்னுடல் நிமிர்த்தி, கொடுக்கிரண்டையும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கிரேன்கள்போல் வானளாவ விரித்து, வாடா என்று அழைக்கும் தோரணையில், அசையாமல் நின்றான்! காகம் பறந்தது, அவன் தணியவில்லை. மேற்கே சாய்ந்த வெயில் ஏரிமேல் பட்டு, ஏரியிலிருந்து அவன் ஓட்டில் பட்டு, ஓட்டிலிருந்து நாயகன் கண்ணில் பட, அக்கண் கைக்குச் சொல்ல, அக்கை பென்சிலுக்குச் சொல்ல, கோடுகள் மழைக்காலத்து முகத்துவாரம்போல் பெருக்கெடுத்துப் பாய, முள்முனையும் மூட்டும் கொடுக்கின் உட்புறத்துப் பல்வரிசையும் ஒவ்வொன்றாய்த் தாளில் விழித்தெழ, எவரும் பேசாது, எதுவும் முறியாது, வரைந்தான், வரைந்தான், வரைந்துகொண்டேயிருந்தான்! எட்டிப் பார்த்த ஜமுனா சிரிக்க மறந்தாள். "டேய்," என்றாள், "மெய்யாலுமே கடிச்சிடும்போல கீதுடா." நாகம்மாளோ தாளைப் பார்த்ததும் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

பீம்ம்ம் என்று கேட்டது தினகரனின் ஆரன்.

நாகம்மாளின் கைகள் தொடைக்கடியிலிருந்து விடுதலை பெற்றுப் பாய்ந்தன. கண் இமைக்கும் முன் பிடி, மடக்கு, சுற்று, முடிச்சு. கொற்றவன் பறியில் ஏறினான். பறி வண்டியில் ஏறியது. வண்டி பழவேற்காட்டுச் சாலையில் மறைந்தது. வென்றவனும் தோற்றவனும் ஒருவரையொருவர் இனிக் காணப்போவதில்லை.

தாளில் மிஞ்சியிருந்தது நிழல் வேலை மட்டுமே. நாயகன் பருத்த பென்சிலை எடுத்தான். கை தன்பாட்டுக்கு நிழலிட, மனமோ திங்கட்கிழமைக்குப் பறந்தது. அங்கே லோகநாயகி அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பூனைக்காரியும் கிளிக்காரனும் எழுந்து வழிவிட்டனர். அண்ணனை வரைய முனைந்தவன் தேம்பி அழுதான். மின்விசிறிக்கு நேர்கீழ் இருக்கை துடைத்து வைக்கப்பட்டிருந்தது. இந்தச் சுகத்தில் வெகுநேரம் திளைத்து, மூலையில் தன் பெயரைச் சுழித்தெழுதி, பென்சிலைக் காதில் செருகி, பலகையைத் தூக்கி நிறுத்தினான்.

"டேய்," என்றாள் ஜமுனா. "இன்னாடா இது?"

விரிந்திருந்த கொடுக்குகள் இரண்டுக்கும் நடுவே, இக்கரைக்கும் அக்கரைக்கும் பாலமிட்டாற்போல், கயிறு ஒன்று ஓடியது. இரண்டு சுற்று. முறுக்கு இழைகள் தனித்தனியே தெரிந்தன. கயிற்றுக்கு நிழலும் விழுந்திருந்தது. மேலே பூப்போல் ஒரு முடிச்சு.

நாகம்மாள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். அன்று முழுவதும் அவள் முகத்தில் இல்லாத நிம்மதி அப்போது படர்ந்தது. "இப்பதான் பாக்கவே நல்லா கீது," என்றாள். "முடிச்சு என்னுதவிட டைட்டா போட்டுகீறான்."

துள்ளியெழுந்தான் பிரசாந்த்! செங்கல் மதில் சரிய, பென்சில்கள் எண்திசையும் உருள, ஒற்றைச் செருப்போடு கருவேலங்காடு பின்னோடப் பாய்ந்தான், படகுகளைக் கடந்தான், காய்ந்த வலைகளைத் தாண்டினான், துரத்திய நாய்கள் இளைத்து நிற்க, எதிர்ப்பட்டோர் தீப்பிடித்ததோ என்று பதற, ஓராண்டுக் கல்வியையும் ஒரு குலத்தின் மானத்தையும் தோளில் சுமந்து, பாதி இறங்கிய ஷட்டருக்கு அடியில் தலை நுழைத்து, "அண்ணா, ஒரே ஒரு ரப்பர்!" என்று மண்ணும் விண்ணும் நடுங்க முழங்கினான்!

ரப்பர் புதன்கிழமைதான் வருமென்று கண்ணப்பன் சொன்னார்.