மஞ்சள் மாத்திரையும் தண்ணீர்த் தொட்டி மேடும்

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் நலம். அதிலும் உங்கள் தங்கை என்னைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நலம். அங்கு உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்றும், அக்கா கண் ஆபரேஷனுக்குப் பிறகு உங்களைத் தெளிவாகப் பார்த்தும் மனம் தளராமல் இருக்கிறார் என்றும் நம்புகிறேன். போன வாரம் நான் ஆம்புலன்ஸில் போன செய்தி கேட்டு நீங்கள் பதறிப் போன் செய்தபோது, உங்கள் தங்கை "ஒண்ணுமில்லண்ணா, காத்து இறங்கிப் போச்சு" என்று சொல்லி வைத்துவிட்டாள். இறங்கியது டயரின் காற்று என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நீங்கள் பத்திரம் எழுதுபவர், ஒரு எழுத்து இடம் மாறினாலும் கண்டுபிடிப்பவர். ஆகையால் நடந்ததை முதலிலிருந்து எழுதிவிடுகிறேன்.

முழங்கால் டாக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். சொன்னது அவளுக்கு. ஆனால் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெண்மணி தனியாக ரோட்டில் போவதா என்று நானும் ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டு துணைக்குக் கிளம்பினேன். துணை என்றால் பக்கத்தில் போக வேண்டும் அல்லவா? அவள் ரோட்டு முனையில் புள்ளியாகத் தெரிவாள், நான் இந்த முனையில் புள்ளியாக இருப்பேன். எங்கள் பகுதியில் தண்ணீர்த் தொட்டி மேடு என்று ஒரு ஏற்றம் உண்டு. அவள் அதை உட்கார்ந்தபடியே மிதித்து ஏறிவிடுவாள். நான் பாதியில் இறங்கி, செடி கொடிகளை ஆராய வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு தள்ளிக்கொண்டு போவேன். முப்பத்திரண்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிவிட்ட எனக்கு, என்னை ஏற்றிவிடத் தெரியவில்லை. இப்படியே தினமும் இரண்டு மாதம் போயிற்று. ஒவ்வொரு நாள் காலையிலும் கட்டிலிலிருந்து இறங்கக்கூட எனக்கு ஒரு லிஃப்ட் தேவைப்பட்டது.

எங்கள் சைக்கிள் குழுவில் ஒருவர் இருக்கிறார். சைக்கிள் உதிரிபாகக் கடை வைத்திருப்பவர், தொடை இரண்டும் சிமெண்ட் குழாய் மாதிரி இருக்கும். எல்லோரும் அவரைத் தொடைக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஒரு நாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். அதில் ஆள் இல்லாத குதிரை ஒன்று பாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே மஞ்சள் மாத்திரைகள்.

"அண்ணே, இது உடம்புல ஆண் ஹார்மோனை ஊற வைக்கும். இன்னைக்கு ஓட்டுன அசதி நாளைக்கு இருக்காது. ஒரு நாளைக்கு ஒண்ணுதான், கூட்டிடாதீங்க" என்றார்.

லிஃப்டில் ஆறு பேர் என்று எழுதியிருந்தால் எட்டுப் பேரைத் தாங்கும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். எனவே இரண்டு போட்டுக்கொண்டேன். உங்கள் தங்கை கண்ணில் படாமல் டப்பாவை ஸ்பானர் பெட்டிக்குள் வைத்தேன்.

மச்சான், அடுத்த நான்கு வாரம் நடந்ததை நீங்கள் நம்ப வேண்டும். மூன்றாம் நாளே கால் வலி போய்விட்டது. நான்காம் நாள் குளியலறைக் கதவைத் திறந்தேன், கைப்பிடி என்னோடு வந்துவிட்டது. ஐந்தாம் நாள் முதல் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை சவரம் செய்ய வேண்டியதாயிற்று. ஜென்மத்தில் யாரையும் எதிர்த்துப் பேசாதவன், வங்கியில் வரிசையை விட்டு விலகி நில்லுங்கள் என்று சொன்ன காவலாளியைப் பார்த்து, "நீ விலகு" என்றேன். அவன் விலகிவிட்டான். அதற்கப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் தங்கை என்னை ஏற இறங்கப் பார்த்து, "என்னங்க, கொஞ்ச நாளா ஒரு மாதிரியா இருக்கீங்க" என்றாள். நான் விசிலடித்தேன்.

நான்காம் வாரக் கடைசியில் தண்ணீர்த் தொட்டி மேட்டில் இறங்காமல் ஏறினேன். வழக்கமாக இறங்கும் இடம் வந்தது, கால் நிற்கவில்லை. வளைவு வந்தது, அதற்கும் நிற்கவில்லை. உச்சியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கீழே வீடுகள், மொட்டை மாடிகள், நான் பழுது பார்த்த கட்டடங்கள், எல்லாம் காலடியில் சின்னச் சின்னதாகக் கிடந்தன. குனிந்து என் முழங்கால்களைப் பார்த்தேன். யாரோ ஒருத்தர் வந்து பழைய கால்களைக் கழற்றிக்கொண்டு, புதுசாக இரண்டை மாட்டிவிட்டுப் போனது போல் இருந்தது. ஒரு சின்ன மஞ்சள் மாத்திரைக்குள் இவ்வளவு பெரிய சக்தியை எப்படி அடைத்தார்கள் என்று நினைக்க நினைக்க எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஐம்பது வயது தாண்டியவர்களுக்கான நாற்பது கிலோமீட்டர் போட்டி. நாங்கள் இருவருமே பெயர் கொடுத்திருந்தோம். அன்றைக்கு மூன்று மாத்திரை போட்டேன். மாத்திரை இருக்கும்போது காலைச் சாப்பாடு எதற்கு என்று அதை விட்டுவிட்டேன், தண்ணீர் பாட்டிலையும் கனம் என்று வைத்துவிட்டு வந்தேன். தொடைக்காரரையே முந்திக்கொண்டு முப்பத்து நான்காவது கிலோமீட்டர் வரை நான்தான் முன்னால். அங்கே ஒரு டயர் கடை. அதன் பெயர்ப் பலகை வெள்ளையாயிற்று, அப்புறம் ரோடு வெள்ளையாயிற்று. நெஞ்சுக்குள் யாரோ சுத்தியலால் தட்டினார்கள். கண் திறந்தபோது டயர்களுக்கு நடுவே கிடந்தேன், உங்கள் தங்கை என் மணிக்கட்டைப் பிடித்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல."

"ஒண்ணும்னா?"

"மூணு மாத்திரை."

என் சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள், குதிரையைப் பார்த்தாள், தன் பையில் போட்டுக்கொண்டாள். கடைக்காரரிடம், "காலைத் தூக்கி அந்த டயர் மேல வைங்க. சர்க்கரைத் தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன், வந்துட்டிருக்கு. கண்ணை மூடினா கன்னத்துல தட்டுங்க, கூச்சப்படாதீங்க" என்றாள். அப்புறம் சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

"என்ன சார், அம்மா போயிட்டாங்க?" என்றார் கடைக்காரர்.

"அவங்க அப்படித்தான்" என்றேன். நான் கண்ணை மூடவே இல்லை, இருந்தாலும் அவர் இரண்டு தடவை தட்டினார்.

அவள் கடைசி ஆறு கிலோமீட்டரில் தொடைக்காரரைத் தாண்டி, பெண்களில் முதலாவதாக வந்து, முதுகில் குத்திய நம்பரோடு அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றாள். ஈசிஜி எல்லாம் சரியாக இருந்தது. உடம்பில் தண்ணீர் இல்லை, வயிற்றில் சோறு இல்லை, அவ்வளவுதான் என்றார் டாக்டர். சின்ன வயசுப் பெண். "இவரை இந்த நிலைமையில விட்டுட்டா போனீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"வேகமா அடிச்சுது, ஆனா சீரா அடிச்சுது. நிக்கப்போற நாடி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் டாக்டர். முப்பது வருஷம் பிடிச்சுப் பாத்திருக்கேன்."

அந்தப் பெண் எழுந்து நின்று உங்கள் தங்கைக்கு நாற்காலியைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபின் அவள் கட்டிலில் உட்கார்ந்து, சட்டையிலிருந்து நம்பரைக் கழற்றப் பார்த்தாள். மொத்தம் நான்கு பின். ஒன்றைக்கூடக் கழற்ற முடியவில்லை. நான் போய்க் கழற்றிவிட்டேன். அவள் என்னைப் பார்க்காமல், "ஆறு கிலோமீட்டரும் உங்க நாடியத்தான் எண்ணிக்கிட்டே மிதிச்சேன்" என்றாள். மச்சான், நான் அந்த நான்கு பின்னையும் எடுத்து, மாத்திரை டப்பா இருந்த ஸ்பானர் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தேன்.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். இந்த ஹார்மோன் சமாசாரம் மின்சாரம் மாதிரி. தூக்கவும் தூக்கும், தூக்கி அடிக்கவும் அடிக்கும். யாராவது டப்பாவை நீட்டினால் தொடாதீர்கள். நான் இனி அந்தப் பக்கமே போவதில்லை. மாத்திரை இல்லாத கால்களுக்கு மேடு எதற்கு என்று சைக்கிளையும் விற்கச் சொல்லிவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குறைவில்லாமல் இருக்க என் ஆசிகள். உங்கள் இடுப்புக்கு நல்ல காலம் பிறக்கட்டும்.

என்றும் உங்கள் அன்புக்கும் ஏச்சுக்கும் உரிய,
தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் தங்கை உள்ளே வந்தாள். மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்யும் தன் தோழியிடம் அந்த டப்பாவைக் கொடுத்திருந்தாளாம். முடிவு வந்துவிட்டது. மாத்திரைக்குள் இருந்தது மாவும் மஞ்சள் சாயமும். வேறு எதுவும் இல்லை. ஆஸ்பத்திரியில் எடுத்த என் ரத்தத்திலும் ஹார்மோன் அறுபத்தொரு வயதுக்காரனுக்கு எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான் இருக்கிறதாம், ஒரு சொட்டு கூடுதல் இல்லை. "அப்ப அந்த மேட்டுல என்னை ஏத்தினது எது?" என்று கேட்டேன். "மூணு மாசமா தினமும் மிதிச்சீங்கல்ல" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள். எனவே மேலே மாத்திரையைப் புகழ்ந்தும் திட்டியும் எழுதியிருக்கும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டு, என்னைப் போட்டு வாசித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். சைக்கிள் விற்பனைக்கு இல்லை. ஒரு மணி நேரமாக இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், மச்சான். என் கால்களை நேராகப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது.